மருந்தும் தண்ணீரும்: சபரகமுவத் தோட்டங்கள் கூறும் வரலாறு

 

எமது நாட்டில் மழை அதிகம் பொழியும் பிரதேசங்களுள் சபரகமுவ மாகாணமும் ஒன்றாகும். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றரையும் தாண்டி மழை பெய்கின்றது. களுகங்கையும் வளவை கங்கையும் இம்மாகாணத்து மலைகளிலிருந்தே ஊற்றெடுக்கின்றன. களனி கங்கையும் அதன் கிளைகளும் எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை, தெரணியகலைப் பக்கங்களை நனைத்துச் செல்கின்றன. ஆயினும், இதே மண்ணில் நோயாளியின் படுக்கை அருகே ஒரு குவளை தூய நீர் இல்லாத நிலையும் நீண்ட காலம் நிலவியிருக்கின்றது. நீர் நிறைந்த பூமியில் நோயாளிக்கு நீர் இல்லாமற் போனது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்த சந்தர்ப்பத்தை முதலில் கூறிவிடுகின்றேன். சில வருடங்களுக்கு முன்னர், எங்கள் பஸாரில் கடை வைத்திருக்கும் நண்பரிடம் வேலை செய்யும் ஒரு தமிழ் வாலிபரின் பாட்டியை நோய் விசாரிப்பதற்காக, அவர் படுத்திருந்த தோட்டத்து மருந்தகத்துக்குச் சென்றிருந்தேன். அஸர் தொழுகையின் நேரம் வந்தது. வுழூச் செய்வதற்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். "தண்ணிக்கு என் பேத்தி பீலிக்குப் போயிருக்கு ஐயா, இப்ப வந்துரும்" என்றார் அம்மூதாட்டி. சற்று நேரத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி வாளியுடன் மூச்சிரைக்க வந்தாள். வந்தவள் அந்த வாளியைத் தன் பாட்டியிடம் கொண்டு செல்லாமல் விருந்தாளியான என் முன்னால் வைத்தாள்.

நான் வெட்கித்துப் போனேன். உயிருள்ள ஒன்றின் தாகத்துக்குத் தேவையான நீரைக் கொண்டு வுழூச் செய்யாமல் தயம்மும் செய்ய வேண்டும் என்பது அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹுப் பாடத்தின் ஆரம்ப வகுப்பிலேயே நாம் படித்த சட்டமாகும். அந்த வாளியைப் பாட்டியின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, நானே பீலியைத் தேடி நடந்தேன். இறங்கிச் செல்லவும் ஏறி வரவும் கால் மணி நேரத்துக்கு மேல் சென்றது. மருந்தகத்தில் மாத்திரைகள் இருந்தன. மருந்து கொடுப்பவரும் இருந்தார். தண்ணீர் மாத்திரம் அங்கு இருக்கவில்லை.

அன்று கண்ட அக்காட்சிக்கு நூற்றைம்பது வருட வரலாறு உண்டு என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன்.

வந்த பாதையும் வாந்திபேதியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்களை உருவாக்கினர். அத்தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளின் ஊடாக மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வழியில் நல்ல நீர் இல்லை, தங்குமிடம் இல்லை. கிடைத்த குட்டையில் குடித்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் பசியும் அவர்களுள் பெருந்தொகையினரைப் பாதையிலேயே மடியச் செய்தன.

அக்காலத்தில் வாந்திபேதி கெட்ட காற்றினாற் பரவுகின்றது என்றே பெரும்பாலான வைத்தியர்கள் நம்பினர். 1854ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், நோய் கண்ட வீடுகளைக் கணக்கிட்டுப் பார்த்து, ஒரு தெருவின் நீர்க்குழாயைச் சுற்றியே மரணங்கள் குவிந்திருப்பதைக் காட்டினார். நோயின் வாகனம் காற்றல்ல, மலம் கலந்த நீரே என்பது இவ்வாறாக வெளிப்படலாயிற்று. எனினும் இவ்வறிவு இலண்டனில் நிலைபெறுவதற்கே பல வருடங்கள் சென்றன. இலங்கையின் தோட்டத்து லயன்களுக்கு அது வந்து சேர இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

1869ஆம் ஆண்டளவில் கோப்பிச் செடிகளை இலைநோய் தாக்கியது. கோப்பி அழிந்து தேயிலை பரவியது. 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு இறப்பர்க் கன்றுகள் கொண்டுவரப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரின் விலை உயரவே, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகளெங்கும் இறப்பர் மரங்கள் எழுந்தன. பலாங்கொடை, இறக்குவானை போன்ற உயர்ந்த இடங்களில் தேயிலை நின்றது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1912இல் இரத்தினபுரியை அடைந்தது. அப்பாதை வழியே இறப்பரும் தேயிலையும் கொழும்புக்குச் சென்றன; தொழிலாளர்களும் அரிசி மூட்டைகளும் தோட்டங்களுக்கு வந்தன. தோட்டங்களை அண்டி உருவான பஸார்களில் எமது முன்னோரும் கடை வைத்து வாழத் தொடங்கினர்.

சட்டம் தந்ததும் தராததும்

தோட்டங்களில் மரணம் மலிந்ததைக் கண்ட குடியேற்ற அரசாங்கம் 1872ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தோட்டப் பகுதிகளை மருத்துவப் பிரிவுகளாக வகுத்து, வைத்தியர்களை நியமித்து, தொழிலாளருக்குச் சிகிச்சை வழங்குவதே அதன் எண்ணமாகும். தோட்டத்துரைமார் செலவைத் தவிர்க்க முயன்றமையால் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 1880ஆம் ஆண்டில் சட்டம் மாற்றப்பட்டு, அரசாங்கம் கூடுதல் பொறுப்பை ஏற்றது. 1912ஆம் ஆண்டின் சட்டமோ இன்னும் ஒருபடி சென்று, லயன்களைச் சுகாதாரமான நிலையில் வைத்திருப்பதையும், நோயுற்றோரை அறிந்து சிகிச்சைக்கு அனுப்புவதையும் தோட்ட அதிகாரியின் கடமையாக்கியது.

இங்கே நாம் சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். இச்சட்டங்கள் வைத்தியரைத் தந்தன; மருந்தைத் தந்தன; சில இடங்களில் கட்டிடத்தையும் தந்தன. ஆனால் நோய் எங்கிருந்து வந்ததோ அந்த இடம் பெரும்பாலும் பழைய நிலையிலேயே இருந்தது. ஒரு லயனில் வாழ்ந்த பல குடும்பங்களுக்கும் ஒரே பீலி. மலசலகூடம் இல்லாமையால் தேயிலைப் பற்றைகளும் ஓடைக் கரைகளுமே மறைவிடங்களாயின. ஓடையின் மேல்புறத்தில் அசுத்தம் சேர, கீழ்ப்புறத்தில் குடிநீர் அள்ளப்பட்டது.

1917ஆம் ஆண்டு முதல் இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்னுமிடத்தில் இலங்கை அரசாங்கத்தின் முகாம் இயங்கியது. தோட்டங்களுக்கு வருவோர் அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே தலைமன்னாருக்கு அனுப்பப்பட்டனர். வெளியிலிருந்து நோய் வந்துவிடக் கூடாது என்பதில் இருந்த கவனம், வந்தவர்கள் வாழப்போகும் இடத்தில் நோய் விளையக் கூடாது என்பதில் இருக்கவில்லை.

கொக்கிப்புழு கற்பித்த பாடம்

இவ்வுண்மையை ஒரு சின்னஞ்சிறு புழு உலகுக்குக் காட்டியது. மலத்தோடு வெளியேறும் கொக்கிப்புழுவின் முட்டைகள் ஈரமும் வெப்பமும் நிழலும் உள்ள மண்ணிலே பொரிக்கும். வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்துப் புழுக்குஞ்சுகள் உட்சென்று, குடலை அடைந்து, அங்கே ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குறைந்தவர் சோர்வார், மூச்சு வாங்குவார். கர்ப்பிணியாயின் அவருடைய உயிரும் சிசுவின் உயிரும் ஆபத்துக்குள்ளாகும். தோட்டத்து மக்களைச் "சோம்பேறிகள்" என்று துரைமார் பழித்ததன் பின்னால் பல வேளை இந்த இரத்தச்சோகையே மறைந்திருந்தது.

அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியம் 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. சோதிக்கப்பட்ட தொழிலாளருள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோரிடம் புழு காணப்பட்டது. மருந்து கொடுத்தார்கள்; புழுக்கள் வெளியேறின; மக்கள் தேறினார்கள். ஆனால் சில மாதங்களில் அதே மக்கள் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் நோயாளிகளாயினர். காரணம், அங்கு மலசலகூடங்கள் போதியளவு இருக்கவில்லை. இருந்தவையும் முறையாகப் பராமரிக்கப்படவில்லை. மலசலகூடம் கட்டப் பணம் செலவிடத் தோட்ட நிர்வாகங்கள் தயங்கின. மருந்து மலிவு, மலசலகூடம் செலவு என்று அவர்கள் கணக்கிட்டனர்.

மருந்தைக் கொடுத்து நீரையும் மலசலகூடத்தையும் மறந்தால், அந்த மருந்தை மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும். துளையுள்ள பானையில் நீர் நிரப்புவது போன்றதே அது. இவ்வனுபவத்தின் தொடர்ச்சியாகவே நோயைத் தடுப்பதை முதன்மைப் பணியாகக் கொண்ட முதலாவது சுகாதாரப் பிரிவு 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் ஆரம்பமாயிற்று. இன்று ஒவ்வொரு பிரதேசத்திலும் நாம் காணும் சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல மருத்துவமாது ஆகியோரின் பணிமுறை அதிலிருந்தே வளர்ந்தது.

கேகாலையைக் கலக்கிய காய்ச்சல்

1934ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்புகள் பெருகின. வழமையில் மலேரியாவை அதிகம் அறியாத கேகாலை மாவட்டம் அவ்வாண்டின் இறுதியிலும் 1935இன் தொடக்கத்திலும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாயிற்று. நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது.

அவ்வேளையில் கலாநிதி என்.எம். பெரேரா போன்ற இளைஞர்கள் கேகாலைக் கிராமங்களுக்குள் நடந்து சென்று கொயினா மருந்தும் உணவும் வழங்கினர். காய்ச்சலுக்குப் பின்னால் பசி இருப்பதை அவர்கள் நேரிற் கண்டனர். 1936இல் ருவன்வெல்லை மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். நோயாளியின் வீட்டுப் படியேறிச் சென்றவரை அம்மக்கள் மறக்கவில்லை என்பதே இதன் பொருளாகும்.

1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. 2010களில் அத்தொகை 40க்கும் கீழே இறங்கியது. பயிற்றப்பட்ட மருத்துவமாதரும், அரசாங்க வைத்தியசாலைகளும், கல்வியும், சுத்தமும் சேர்ந்து பெற்ற வெற்றி இதுவாகும். எனினும் இவ்வெற்றி தோட்டங்களுக்குப் பிந்தியே வந்தது.

கைகளைக் கழுவிய வைத்தியரும் நீரோடிய வைத்தியசாலையும்

நோயாளி குணம்பெறச் செல்லும் இடமே நோயைக் கொடுக்கும் இடமாக மாறலாம் என்பதை உலகம் கசப்பாகவே கற்றது. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரின் பெரிய வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்பவர், பிரேதங்களைத் தொட்ட கைகளோடு பிரசவ அறைக்கு வரும் வைத்தியர்களே தாய்மாரின் மரணத்துக்குக் காரணம் என்று கண்டார். சுண்ணாம்புக் குளோரின் கரைசலில் கைகழுவச் செய்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய் மரணம் ஜூன் மாதத்தில் இரண்டளவுக்கு வீழ்ந்தது. எனினும் அவருடைய சகாக்களுட் பலர் அவரை ஏற்கவில்லை.

1855ஆம் ஆண்டில், இஸ்தன்பூலின் உஸ்குதார் பகுதியில் உஸ்மானியப் படைமுகாம் ஒன்று ஆங்கிலேயரின் யுத்த வைத்தியசாலையாக இருந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அங்கே தாதியர்க்குத் தலைமை தாங்கினார். அடைபட்ட சாக்கடைகளைச் சுகாதார ஆணைக்குழுவினர் சுத்தம் செய்து நீரைச் சீர்படுத்திய பின்னரே, பெப்ரவரியில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியிருந்த மரண வீதம் ஜூனில் இரண்டளவுக்குக் குறைந்தது.

வாலிபர்களே! இப்பாடத்தின் ஒரு பகுதியை எமது வரலாறு முன்பே அறிந்திருந்தது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ் யுத்தத்தின்போது காயமுற்ற சஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களுக்காக மஸ்ஜிதுன் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. ருஃபைதா (ரழி) அவர்கள் காயப்பட்டோரைப் பராமரித்தார்கள். நீர்நிலையிலும் மக்கள் நடமாடும் பாதையிலும் அவர்கள் இளைப்பாறும் நிழலிலும் மலசலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பக்தாதில் வைத்தியசாலைக்கு இடம் தெரிவு செய்ய வேண்டியிருந்தபோது, அறிஞர் அர்ராஸி நகரின் பல திசைகளிலும் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எவ்விடத்தில் அது தாமதித்துக் கெட்டதோ அவ்விடத்தையே தெரிந்தார் என்று சொல்லப்படுவதுண்டு.

டமஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி கட்டிய வைத்தியசாலையில் ஒருமுறை சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவர் கலாவூன். அதுபோன்ற ஒன்றைத் தாமும் கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டார். சுல்தானான பின்னர், 1284ஆம் ஆண்டில் கெய்ரோவில் மன்ஸூரி வைத்தியசாலையைக் கட்டத் தொடங்கினார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு பகுதிகள். செல்வரும் ஏழையும் ஒரே வாயிலால் நுழையும் உரிமை. கூடங்கள் தோறும் ஓடிய நீர். இவை அனைத்தையும்விட நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றாகும். அவ்வைத்தியசாலைக்கென்று வக்ஃபு செய்யப்பட்ட சொத்துக்களின் வருமானம் ஆண்டுதோறும் அதன் பராமரிப்புக்கே சென்றது. கட்டுவதோடு கடமை முடிவதில்லை, காப்பதும் கடமையே என்பதை அந்த வக்ஃபுப் பத்திரம் சட்டமாக்கியது.

எமது நாட்டிலும் இம்மரபு இல்லாமலில்லை. மிஹிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலையின் இடிபாடுகளும், நோயாளியைக் கிடத்தி மூலிகை நீராட்டிய கற்தொட்டியும் இன்றும் காட்சியளிக்கின்றன. நோயாளிக்கு நீரும் தூய்மையும் வேண்டும் என்பது ஒரு சமயத்துக்கோ ஓர் இனத்துக்கோ மாத்திரம் உரிய அறிவல்ல.

வாக்குரிமை இல்லாதவரின் குழாய்

நாடு சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. வாக்கு இல்லாதவரிடம் வாக்குக் கேட்டு யாரும் வருவதில்லை. வாக்குக் கேட்டு யாரும் வராத இடத்துக்குப் பாதையும் குழாயும் எளிதில் வருவதில்லை. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. அதே காலத்தில் ஏற்பட்ட உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டத்துக் குழந்தைகளின் மரணம் நாட்டின் சராசரியை விட இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளுட் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஏனையவை கம்பனிகளின் மருந்தகங்களாகவே தொடர்ந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

மற்றொரு தடையும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்தின் உள்ளே பிரதேச சபை தனது நிதியைச் செலவிடுவதற்கு இடையூறாக அமைந்திருந்தது. வேலியின் இப்பக்கத்திலுள்ள கிராமத்துக்குச் சபை கிணறு வெட்டலாம்; அப்பக்கத்திலுள்ள லயனுக்கு வெட்ட முடியாது. "அது கம்பனியின் காணி" என்று சபை கூறியது. "அது அரசாங்கத்தின் வேலை" என்று கம்பனி கூறியது. 2018ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீக்கப்பட்டது. வேலியோரக் கிராமத்தவர் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பெற்றிருந்த உரிமை, தோட்டத்தவருக்கு அப்போதுதான் கிடைத்தது.

இதன் விளைவை இலக்கத்திலும் காணலாம். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப்புறத்திலோ அது நூற்றுக்கு முப்பத்திரண்டாகும். உணவுக் குறைவு இதற்கு ஒரு காரணம். அசுத்த நீரால் அடிக்கடி ஏற்படும் வயிற்றோட்டம், உண்ட உணவையும் உடலில் ஒட்டவிடாமற் செய்வது மற்றொரு காரணமாகும்.

ஆனால் நம்பிக்கை தரும் வரலாறும் இதே மாகாணத்தில் உண்டு. 1993ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் ஆரம்பமான சமுதாய நீர் வழங்கல், துப்புரவுத் திட்டம் தெரிவு செய்த மூன்று மாவட்டங்களுள் இரத்தினபுரியும் ஒன்றாகும். பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவி பெற்ற திட்டம் கேகாலை மாவட்டத்தையும் உள்ளடக்கியது. மலையின் உச்சியிலுள்ள ஊற்றிலிருந்து, இயந்திரம் எதுவுமின்றிப் புவியீர்ப்பினாலேயே நீர் கீழிறங்கி வீடுகளை அடைந்தது. கிராம மக்கள் சங்கம் அமைத்து, செலவில் ஒரு பங்கைப் பணமாகவும் உழைப்பாகவும் தந்து, மாதாந்தக் கட்டணம் அறவிட்டு, தாமே குழாய்களைப் பழுது பார்த்தனர். கெய்ரோவின் வக்ஃபு கற்பித்த பராமரிப்புப் பாடத்தை இம்மக்கள் தமது வழியிலே நடைமுறைப்படுத்தினர் எனலாம்.

இயற்கையின் சோதனைகளும் இங்கு குறைவல்ல. 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரியைப் பெருவெள்ளமும் மண்சரிவும் தாக்கின. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியத் தோட்டமொன்றில் லயன் அறைகள் புதையுண்டன. வெள்ளம் வடிந்த பின்னர் கிணறுகள் அசுத்தமாகின்றன. இம்மாகாணத்தில் அடிக்கடி தலைகாட்டும் எலிக்காய்ச்சல் பரவுகின்றது. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் நின்றால் நீர் இறைக்கும் இயந்திரமும் நிற்கும். ஆபத்து வேளையில் மக்கள் ஓடிச் செல்லும் வைத்தியசாலைக்கு அவ்வேளையிலும் நீர் இருக்க வேண்டும் அல்லவா?

பத்து வாளிக் கணக்கு

2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை, உலகின் சுகாதார நிலையங்களுள் நான்கில் ஒன்றில் அடிப்படை நீர் வசதி இல்லை என்று கூறியது. அதே ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார மாநாடு, சுகாதார நிலையங்கள் அனைத்திலும் நீர், மலசலகூடம், கைகழுவும் வசதி ஆகியவற்றை உறுதிப்படுத்துமாறு உறுப்பு நாடுகளைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1872இல் மருந்துக்காகச் சட்டம் பிறந்தது. வைத்தியசாலையின் தண்ணீருக்காக உலகம் ஒருமித்துக் குரல் கொடுக்க மேலும் 147 வருடங்கள் சென்றன.

உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோலின்படி, வெளிநோயாளர் ஒருவருக்கு 5 லீற்றர் நீர் வேண்டும். விடுதியில் தங்கும் நோயாளிக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லீற்றர் வேண்டும். ஒரு பிரசவத்துக்கு 100 லீற்றர் வேண்டும். அன்று அச்சிறுமி சுமந்து வந்த வாளியில் பத்து லீற்றர் இருந்திருக்கலாம். அப்படியாயின் ஒரு தாயின் பிரசவத்துக்கு மாத்திரம் அவள் பத்து முறை பீலிக்கு இறங்கி ஏற வேண்டும். வைத்தியசாலைக்கு நீர் இல்லையென்றால் அச்சுமை பெரும்பாலும் ஒரு பெண்ணின் இடுப்பிலோ ஒரு பிள்ளையின் கையிலோ வந்து விழுகின்றது.

வாலிபர்களே! உங்கள் ஊர் வைத்தியசாலைக்கோ அயலிலுள்ள தோட்ட மருந்தகத்துக்கோ சென்றால் ஐந்து விடயங்களைக் கவனியுங்கள். வளவுக்குள்ளேயே தூய நீர் கிடைக்கின்றதா? நோயாளியைத் தொடும் இடத்தில் நீரும் சவர்க்காரமும் உள்ளனவா? பெண்களுக்கெனத் தனியான, உட்பக்கம் தாழிடக்கூடிய மலசலகூடம் உண்டா? முதியவரும் மாற்றுத்திறனாளியும் அதனைப் பயன்படுத்த முடியுமா? ஊசிகளும் இரத்தம் தோய்ந்த கழிவுகளும் வேறாகச் சேர்க்கப்பட்டு அகற்றப்படுகின்றனவா?

குறை கண்டால் ஊழியரோடு சண்டையிடாதீர்கள். நீரில்லாத அறையில் வேலை செய்யும் அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே. சுகாதார வைத்திய அதிகாரியிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் முறையிடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், ஒதுக்கப்பட்ட நிதி என்னவாயிற்று என்று அரச நிறுவனங்களிடம் கேட்கும் உரிமையை ஒவ்வொரு பிரஜைக்கும் தந்துள்ளது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவது பகைமையல்ல, பொறுப்பாகும்.

பெற்றோர்களே! மஸ்ஜித் நிர்வாகிகளே! நாம் தர்மம் செய்பவர்கள். கிணறு வெட்டிக் கொடுப்பதில் ஆர்வம் கொண்டவர்கள். ஆனால் பெயர்ப் பலகை திறந்த மறு வருடமே குழாய் உடைந்து கிடக்கும் காட்சியையும் நாம் கண்டிருக்கின்றோம். ஒரு நீர்த்தாங்கி கொடுப்பதாயின், அதனைக் கழுவுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஒரு தொகையைச் சேர்த்தே கொடுங்கள். உஸ்மான் (ரழி) அவர்கள் ரூமாக் கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வழங்கியபோது, அதில் நீர் அருந்தும் உரிமையை அவர்கள் ஒரு சாராருக்கு மாத்திரம் சுருக்கிவிடவில்லை. எமது பஸார்க் கடைகள் பல தலைமுறைகளாகத் தோட்டத்து மக்களின் சம்பளப் பணத்தில் வளர்ந்தவை. அவர்கள் எமது அண்டை வீட்டார். அண்டை வீட்டாருக்கு எம்மீது உரிமையுண்டு.

அந்த மூதாட்டி பின்னர் குணமடைந்து வீடு திரும்பினார் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் அச்சிறுமி சுமந்த வாளியின் பாரம் இன்னும் என் மனதை விட்டு இறங்கவில்லை. தன் பாட்டிக்குக் கொண்டுவந்த நீரை விருந்தாளிக்குக் கொடுக்கத் துணிந்த பிள்ளை அவள். அவளுடைய கையிலிருந்து அந்த வாளியை இறக்கி வைப்பது எம் அனைவரதும் கடனாகும்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக! அயலவரின் தாகத்தை அறியும் உள்ளத்தை எமக்குத் தருவானாக! ஆமீன்.